தேரி மணலுக்கும் ஒரு வேலி வேண்டும்

நாகர்கோவிலிலிருந்து முட்டம் போகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள். கரையோரம் கிடக்கும் செம்மணலை யாரும் நின்று பார்ப்பதில்லை. மணலின் ஒவ்வொரு துகளிலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருப்பதுதான் அந்தச் சிவப்பு. இதன் உறவுக்காரிதான் வடக்கே திருச்செந்தூர், சாயர்புரம் பக்கம் விரிந்து கிடக்கும் தேரி.

அந்தத் தேரிகளின் கல்லாயுதங்களை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தவர் புவியியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1956இல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் அவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். படிகக்கல்லிலும் செர்ட் கல்லிலும் செதுக்கிய சிறு சில்லுகள். விரல்நகம் அளவுதான் பல. ஒரு விளிம்பை மழுக்கி, மறு விளிம்பைக் கத்தியாக விட்டிருக்கிறார்கள். எழுத்தோ இரும்போ அறியாத மனிதரின் கைவேலை அது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களும், பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமும் தேசியப் புவியியல் சின்னங்களாகக் காக்கப்படுகின்றன. விசாகப்பட்டினத்தின் செம்மணல் மேடுகளுக்கும் அந்தத் தகுதி உண்டு. அதே வகை மண்ணும் அதே வகைக் கருவிகளும் கொண்ட நம் தேரிக்கு ஏன் இல்லை?

கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட் என்னும் கனிமங்கள் இருக்கின்றன. அதனால் தோண்டும் ஆசையும் இருக்கிறது. தோண்டியபின் சில்லு எந்த அடுக்கில் கிடந்தது என்பதை எவராலும் சொல்ல முடியாது. லாரி வருமுன் தொல்லியல் துறை வரவேண்டும். முட்டம் முதல் குதிரைமொழித் தேரி வரை ஆய்வு செய்து, தேர்ந்த சில மேடுகளையாவது அரசு உடனே பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கட்டும்.