பேயா? பிணியா?

நம் நாட்டில் ஒருவனுக்குப் புத்தி தடுமாறினால் முதலில் தேடப்படுவது வைத்தியன் அல்ல. கோடாங்கியும், மந்திரவாதியும், கோவிலும், தர்காவும், ஜெபக் கூட்டமுமேயாகும். முனி அடித்துவிட்டது என்பார்கள். பங்காளி செய்வினை வைத்துவிட்டான் என்பார்கள். பூர்வ ஜென்மப் பாவம் என்பார்கள். ஊரார் எல்லோரும் இப்படிப் பேசுகின்றார்களே, அந்தப் பைத்தியத்திற்குள் போய்த் திரும்பி வந்தவர்கள் என்ன சொல்லுகின்றார்கள் என்று யாராவது விசாரித்ததுண்டா என்று நாம் கேட்கின்றோம்.

அப்படிப்பட்டவர்கள் எழுதிய புத்தகங்கள் உலகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் கிளிஃபர்டு பீர்ஸ் என்பவர் யேல் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவர். 1900-ம் வருஷத்தில் அவருக்குச் சித்தம் கலங்கி, உயிரை விடவும் துணிந்து, தப்பிப் பிழைத்தார். தம்மைப் பார்க்க வருகின்ற சகோதரர் உண்மையான சகோதரர் அல்ல, வேஷம் போட்டு வந்த துப்பறியும் போலீசுக்காரன் என்று இரண்டு வருஷ காலம் நம்பினார். பிறகு அவரே ஒரு பரீட்சை வைத்தார். சகோதரருக்கு ஒரு கடிதம் எழுதி, அந்தக் கடிதத்தையே கையில் எடுத்துக்கொண்டு வரும்படி கேட்டார். சகோதரர் அதனுடன் வந்து நின்றதும் அந்தப் பிரமை உடைந்தது.

ஆனால் வியாதி அதோடு தீரவில்லை. மனம் எதிர்ப்பக்கமாய்ப் பொங்கிற்று. பெரிய பெரிய சீர்திருத்தத் திட்டங்களை எழுதித் தள்ளினார். ஆஸ்பத்திரிக் காவலாட்கள் அவரை அடித்தார்கள். கையை அசைக்க முடியாத சட்டையில் பூட்டிப் போட்டார்கள். குணமடைந்து வெளிவந்து, 1908-ல் இவ்வளவையும் புத்தகமாக எழுதினார். அதிலிருந்து அந்நாட்டில் மனநோயாளிகளுக்காக ஒரு இயக்கமே பிறந்தது.

தோழர்களே! நன்றாய் யோசித்துப் பாருங்கள். இங்கே முனியாக வருவது அங்கே ஏன் போலீசுக்காரனாக வந்தது? நம் முனிக்கு அமெரிக்கா போகக் கப்பல் கிடைக்கவில்லையா? மூளைக்கு வந்த கோளாறு எங்கும் கோளாறுதான். அது போட்டுக்கொள்ளுகின்ற வேஷம் மாத்திரம் அந்தந்த நாட்டு ஜனங்கள் பயப்படுகின்ற வேஷமாய் இருக்கின்றது.

கே ஜேமிசன் என்ற அம்மையார் அதே நாட்டில் மனநோயைப் பற்றிப் போதிக்கின்ற பேராசிரியர். அவருக்கே அந்நோய் உண்டு. வெறி ஏறிய காலத்தில் பாம்புக்கடி மருந்துப் பெட்டிகளை ஒரு டஜன் வாங்கிக் குவித்ததையும், மருந்தை நிறுத்திவிட்டுச் சாவின் வாசல் வரை போனதையும் 1995-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒளிக்காமல் சொல்லுகின்றார். அவரைத் தூக்கி நிறுத்தியவை லித்தியம் என்ற உப்பும், ஒரு வைத்தியரின் பொறுமையுமேயாகும். அந்த உப்பு இந்நோய்க்கு உதவும் என்று ஆஸ்திரேலிய வைத்தியர் ஜான் கேட் 1949-ல் எடுத்துக்காட்டினார். உப்பு மாத்திரைக்குப் பயந்து ஓடுகின்ற பேயும் ஒரு பேயா?

மருந்து எல்லோருக்கும் ஒன்றுபோல் வேலை செய்யும் என்று நாம் சொல்ல வரவில்லை. வைத்தியமும் தப்புச் செய்திருக்கின்றது. பீர்சை அடித்தது ஆஸ்பத்திரிதான். ஆனால் அந்தத் தப்பை எழுதிக் காட்ட முடிந்தது. திருத்தும்படி கேட்க முடிந்தது. கோடாங்கியின் தப்பை யார் எழுதுவது? யார் திருத்துவது?

இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, தனியார் நடத்திய கீற்றுக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் மாண்டார்கள். சங்கிலி இல்லாதவன் ஓடினான். சங்கிலி உள்ளவன் வெந்தான். அந்த 28 பேரில் ஒரு பீர்ஸ் இருந்திருக்க மாட்டாரா? அவர் எழுதியிருக்க வேண்டிய புத்தகம் எங்கே?

கட்டிப்போட்ட ஏழைத் தாய் தகப்பனை நாம் குற்றம் சொல்லவில்லை. எங்கே போவது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? அவர்களுடைய துக்கத்தை முதலாக வைத்து வியாபாரம் செய்கின்றவர்களையும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகளையுமே குற்றம் சொல்லுகின்றோம். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டவே கூடாது என்கின்றது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா?

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கீழ்ப்பாக்கத்துக்குப் போ" என்று எதிரியை ஏசிச் சிரிக்கின்றோமே, இது பகுத்தறிவா? காய்ச்சல்காரனைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? உங்கள் தெருவில் ஒருவன் கட்டிக் கிடந்தால், முதலில் சங்கிலியை அவிழ்க்கச் சொல்லுங்கள். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அவன் பேசுகின்றதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பேய் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல வழி நமக்குத் தெரியவில்லை.