செருப்புத் தைத்தவர் பெயர் எங்கே?

பால் பிராண்டைத் தெரியும். 1948இல் வேலூரில், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கிய டாக்டர். பாகாயம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நோயாளிகளுக்கு நவஜீவ நிலையம் அமைத்தவர். பெரிய மனுஷன்தான், யாரு இல்லேன்னா?

பாதம் கெடுவது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் போவதால்தான் என்று சொன்னவரும் அவரே. சரி, அப்புறம் அந்தப் பாதத்தைக் காத்தது கத்தியா? செருப்புய்யா, செருப்பு! மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் வைத்த செருப்பு. ஊரே அருவருத்த காலைப் பிடித்து அளவெடுத்து, புண் பட்ட இடம் அழுந்தாமல் வெட்டி, வார் தைத்த கைகளுக்குப் பெயரென்ன? டாக்டர் தொட்டால் தியாகம், தோல்வேலைக்காரர் தொட்டால் சாதித் தொழிலா?

இன்று அதே ரப்பர் செருப்பைச் சர்க்கரை வியாதிக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கிறார்கள். டாக்டர் சொல்லிட்டா அடுப்படி வரைக்கும் செருப்பு போகுது. தைச்சவரை மட்டும் எந்தத் திண்ணையோட நிறுத்துறீங்க?

வேலூர் மருத்துவ வரலாறு எழுதும் நண்பர்களே, அறுவை அறைக் கதைகள் போதும். செருப்புப் பட்டறையின் பழைய சம்பளப் பதிவேட்டைத் தேடுங்க. அதிலிருக்கும் பெயர்களை முதல்ல அச்சில ஏத்துங்க.