போதகரின் சரித்திரத்தை யார் எழுதுவது?

கேம்பிரிட்ஜில் கணித சாஸ்திரத்தில் கீர்த்தி பெற்று, சென்னையில் மிஷன் காரியதரிசியாய் அமர்ந்திருந்த பதவியையும் துறந்து, கூடாரமே வாசஸ்தலமாக வடதிருநெல்வேலிக் கிராமங்களில் திரிந்து, 1858-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் சிவகாசியில் உயிர் நீத்த ராக்லண்ட் பாதிரியாரை இன்றும் சிலராவது அறிந்திருக்கிறார்களென்றால், பின்னாளில் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவருடைய ஜீவிய சரித்திரத்தை எழுதி வைத்ததே அதற்கு முக்கிய காரணம். ராக்லண்டோடு வெயிலில் நடந்த தமிழ் உபதேசியார்களுக்கோ அத்தகைய பாக்கியம் வாய்க்கவில்லை.

ராக்லண்ட் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். அங்கே அத்தியட்சரும் பதிவேடுகளும் உண்டு. பாப்டிஸ்டுகளின் வழக்கம் வேறு. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆண்டு, தன் போதகரைத் தானே அழைத்துக்கொள்வதால், அவருடைய வாழ்க்கையும் அந்தச் சபையாரின் ஞாபகத்திலேயே தங்கி, அவர்களோடேயே மறைந்துவிடுகிறது. சுதந்திரத்துக்கு இது ஒரு விலை என்றே சொல்லவேண்டும்.

கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்டை எடுத்துக்கொள்வோம். பாப்டிஸ்ட் மிஷனரியாகிய அவர், பிரசங்கத்தோடு நில்லாமல் தச்சுவேலை கற்பித்தார், பள்ளி நடத்தினார். நரம்புச்சிலந்தி கண்டவர்களின் காலிலிருந்து அந்தப் புழுவை அறுந்துவிடாதபடி ஒரு குச்சியில் சிறுகச் சிறுகச் சுற்றி வெளியே எடுத்தார். 1929-இல் காய்ச்சலால் அவர் மாண்டபின், மனைவி ஈவ்லின் அம்மையார், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைகளை விடாமல், 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமாகும்வரை அங்கேயே உழைத்தார். இவையெல்லாம் நமக்குத் தெரிந்திருப்பது, தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்திய வேலூர் மருத்துவர் பால் பிராண்ட் அவர்களுடைய மகனாய்ப் பிறந்ததனால் அல்லவா? உலகப் புகழ் பெற்ற மகன் இல்லாத போதகரின் கதி என்ன?

எங்கள் பக்கத்துப் போதகர்களையே பாருங்கள். சிவகாசிக்கு அருகே ஆனைக்குட்டத்தைச் சுற்றிய இந்தக் கரிசல் பூமியில் அர்ச்சுனா நதி பெரும்பாலும் மணலாய்க் கிடக்க, முழுக்கு ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் தேடுவதே ஒரு பிரயாசை. அதைவிடப் பெரிய பிரயாசை, பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்த நாளில் வருவது: ஆஸ்பத்திரி வாசலில் பாஸ்டர் ஐயா நிற்கவேண்டும், உருத்தெரியாமல் கருகிய உடலை அடையாளம் காணப்போகும் தாயின் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும், ஆலையில் அட்வான்ஸாக வாங்கிய கடன் எந்தக் குடும்பத்தின் தலையில் விழும் என்பதையும் அறிந்திருக்கவேண்டும். எந்த வேதாகமக் கல்லூரியும் இதற்குப் பாடம் வைத்ததாகத் தோன்றவில்லை.

ஆகவே, ஓய்வு பெற்ற போதகர்கள் உயிரோடிருக்கும்போதே, சபையின் வாலிபர்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதவேண்டுமென்பது என் அபிப்பிராயம். நினைவு மலர்களில் வரும் புகழ்மாலை போதாது. அதில் எல்லாப் போதகரும் ஒரே முகத்தோடு இருப்பார்கள். மூப்பர்களோடு என்ன வழக்கு மூண்டது, ஜாதி பார்த்தவர்களை அவர் கண்டித்தாரா, கண்டும் காணாமல் இருந்தாரா என்பதும் வரவேண்டும். பாஸ்டரம்மாவைக் கேட்காமல் வந்துவிடவும் கூடாது. சபையார் சம்பளம் கொடுக்கத் தாமதித்த மாதங்களில் மளிகைக்கடைப் பற்று எவ்வளவு நின்றது என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.