எந்தக் கழிச்சல் என்று கேட்காமல் விட்டோம்

காவிரிக் கரையில் வாழ்கிற நமக்குப் பதிவு என்பது புதிதல்ல. யார் எந்த நிலத்தை எந்த விளக்குக்கு எழுதிவைத்தார் என்று ஸ்ரீரங்கத்துச் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் சொல்கின்றன. கோயில் நிர்வாகத்தின் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்ல 'கோயிலொழுகு' இருக்கிறது. ஆனால் போன கோடையில் தெருக் கோழிகள் எதனால் செத்தன என்று கேட்டால், நம் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "சீக்கு."

தை கழிந்து வெயில் ஏறும்போது தொடங்கும். ஒரு கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் தூங்கி விழும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். சில நாளில் கூடு காலி. அதற்குள் நாம் மூன்று காரியம் செய்துவிடுகிறோம். நடமாடுகிறதை அறுத்துக் குழம்பு வைக்கிறோம். மிஞ்சியதை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். செத்ததை உய்யக்கொண்டான் வாய்க்காலில் வீசுகிறோம். முதல் காரியம் தடயத்தை அழிக்கிறது. இரண்டாவது நோயை அடுத்த ஊருக்கு அனுப்புகிறது. மூன்றாவது அதைத் தண்ணீரில் விடுகிறது.

நாம் வெள்ளைக்கழிச்சல் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். 1926-இல் ஜாவாவிலும் 1927-இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்ட நோய், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் குமாவுன் மலையின் ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டது. பக்கத்திலிருந்த முக்தேசுவர் ஆய்வகம் 1940-களில் அந்த வைரஸை முட்டைக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியம் குறைத்துத் தடுப்பூசியாக்கியது. இன்றும் குஞ்சுகளுக்குச் சொட்டுமருந்தாகப் போகும் லசோட்டா வகைக்கு நியூ ஜெர்சியின் ஒரு பண்ணைக்காரர் பெயர். எங்கோ யாரோ ஒருவர், செத்ததைக் குப்பையில் போடாமல் ஆய்வகத்துக்குக் கொடுத்ததால் கிடைத்த மருந்து இது. பலனை நாம் வாங்கிக்கொண்டோம். பழக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

கண்டுபிடிக்க வழியில்லாமல் இல்லை. தொண்டையிலும் குதத்திலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த மாதிரியை, அடைகாத்து 9 முதல் 11 நாளான கருமுட்டையில் செலுத்துகிறார்கள். வைரஸ் வளர்ந்திருந்தால் முட்டைத் திரவம் கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ராணிக்கெட்டுக்கான எதிர்ப்புச் சீரம் அந்த ஒட்டலைத் தடுத்தால் ஆள் இன்னார் என்று உறுதி. அடுத்து வீரியம். கருவை 60 மணி நேரத்துக்குள் கொன்றால் கொடியது. 60 முதல் 90 வரை நடுத்தரம். அதைத் தாண்டினால் சாது. கடைசியாக மரபணு. சுமார் 15,000 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ-வில், எஃப் புரதம் வெட்டுப்படும் இடத்தைப் பார்க்கிறார்கள். அங்கே இருக்கும் சில அமினோ அமிலங்களைப் பொறுத்தே, வைரஸ் குடலோடும் மூச்சுக்குழாயோடும் நின்றுவிடுமா, உடம்பு முழுக்கப் பரவுமா என்பது முடிவாகிறது.

அந்த எழுத்துகளை மற்ற ஊர் வைரஸ்களோடு ஒப்பிட்டால் வம்சாவளி தெரியும். குருபரம்பரையை மனப்பாடமாகச் சொல்லும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: யாரிடமிருந்து யார் வந்தார், எந்த இடத்தில் கிளை பிரிந்தது என்பதுதான் இங்கும் கேள்வி.

இந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது. லசோட்டா ஒரு மரபணு வகையைச் சேர்ந்தது. இந்தியக் கோழிகளைச் சாகடிக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் வேறு வகைகள். பதின்மூன்றாம் வகை அவற்றில் ஒன்று. எல்லாம் ஒரே சீரம் இனம் என்பதால் பழைய மருந்து சாவைத் தடுக்கும். ஆனால் மருந்து போட்ட கோழியும் வைரஸை எச்சத்தில் வெளியேற்றலாம்; மருந்தும் வந்த வைரஸும் விலகி நிற்கும்போது அது கூடும். நம் கூட்டுக்கு வந்தது எது என்று தெரிந்தால்தானே விலகல் எவ்வளவு என்று அளக்க முடியும்?

ஆற்றோடு மேலே போனால் நாமக்கல். அங்கே முட்டைப் பண்ணைக்காரர்கள் இரத்த மாதிரி எடுத்து எதிர்ப்புசக்தியை அளக்கிறார்கள். பத்துக் கோழி வளர்க்கிற நாம், அது பெரிய பண்ணைக்கான வேலை என்று ஒதுங்கிக்கொண்டோம். வெயிலைத் தாங்குகிற, தீவனம்போலப் போடக்கூடிய குருணை மருந்தை டி-58 வகையைக் கொண்டு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கித் தந்தது. நம்மில் எத்தனை பேர் கேட்டு வாங்கினோம்? முகாம் நடக்கும் காலையில், மருத்துவர் வருவதற்குள் கூட்டைத் திறந்துவிட்டுக் கோழியைத் துரத்திப் பிடிக்க அவரையே விட்டவர்களும் நாம்தான்.

கோழி வளர்க்காதவர்களும் இதில் தப்ப முடியாது. தில்லைநகரில் கறி வாங்குகிறவர்கள் விலையைக் கேட்டோம். கோழி எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. மாட வீதிகளில் அசைவம் தொடாதவர்கள், நமக்கென்ன என்று இருந்தோம். எழுதுகிறவர்கள் 'மர்ம நோய்' என்று தலைப்பிட்டோம். மறுவாரம் மர்மம் தீர்ந்ததா என்று விசாரிக்கவில்லை. பிள்ளைகளை உயிரித் தொழில்நுட்பம் படிக்கவைத்தோம். கொல்லையில் செத்ததைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த அலட்சியம் கோழியோடு முடிவதில்லை. பறவைக் காய்ச்சல் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரிலும், 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளிலும் வந்தது. வெளிக்குறியை மட்டும் பார்த்தால் அதையும் கொடிய கழிச்சலையும் பிரித்தறிவது கடினம். போபால் ஆய்வகத்தின் முடிவுதான் அதை உறுதிசெய்தது. எல்லாச் சாவையும் கழிச்சல் என்றே சொல்லிப் பழகிய ஊரில், ஒரு நாள் கழிச்சல் அல்லாதது வந்தால் முதலில் சாவது நேரம்.

செய்ய வேண்டியது சிறிது. முதல் கோழி செத்த அன்றே, வெறுங்கையால் தொடாமல் இரட்டை பாலிதீன் பையில் கட்டி, உறையவிடாமல் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். மாதிரியை மாவட்டத்தின் நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அவர்கள் அனுப்புவார்கள். மிச்சத்தைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். நோயுள்ள கூட்டிலிருந்து எதுவும் சந்தைக்குப் போகக் கூடாது. முடிவு வந்ததும் அதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

மருந்து வரவில்லை, மருத்துவர் வரவில்லை என்று நாம் புகார் சொல்லியிருக்கிறோம், சிலது நியாயமும்கூட. ஆனால் ஒரு மாதிரியும் கொடுக்காத ஊருக்கு எந்த மருந்து பொருந்தும் என்று எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது. அந்தப் பாதிப் பழி நம்முடையது. அதைத் தீர்க்க அரசாணை எதுவும் வேண்டியதில்லை.