எங்கள் வீட்டுக்கு மேலால் போன பிளேன்



யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து சென்னை, வான்வழியாக ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவில் இருந்து ஏறத்தாழ 645. ஆனால் இரண்டுக்கும் பயண நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒன்றேகால் மணித்தியாலம், கொஞ்சம் கூடக் குறைய. பலாலிக்கு வருவது விசிறி பூட்டிய ஏடிஆர் 72. கட்டுநாயக்கவில் இருந்து பறப்பது ஜெட். வேகத்தில் ஏடிஆர் ஜெட்டுக்கு எட்டாது.

இதற்காக நான் முறையிட வரவில்லை. ஒன்றேகால் மணித்தியாலத்தில் சென்னை என்பது எங்களுக்குப் பெரிய காரியம். என் முறைப்பாடு, அந்தச் சின்னப் பிளேன் வராத நாளைப் பற்றியது.

அம்மாவின் கண் வைத்தியத்துக்குச் சென்னையில் திகதி எடுத்திருந்தோம். பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு குறுஞ்செய்தி: சேவை இரத்து, வேறு திகதி தெரிவு செய்யலாம் அல்லது காசைத் திரும்பப் பெறலாம். காரணம் ஒரு வரிகூட இல்லை. வைத்தியர் தந்த திகதியை யார் மாற்றித் தருவது? கொழும்பால் போக வேறு சீட்டுப் போட்டு, எண்பது வயது மனிசியை இரவு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, 350 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போனோம், வடக்கே பறப்பதற்காக. கட்டுநாயக்கவுக்கும் சென்னைக்கும் வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள், அது யாழ்ப்பாணத்துக்கு மேலால்தான் போகும். "இப்ப எங்கட வீட்டுக்கு மேலாலயோ போறம்?" என்று அம்மா கேட்டா. நான் பேசாமல் இருந்தேன்.

1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதலாவது டக்கோட்டா இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அந்தக் காங்கேசன்துறை நிலையம்தான் இன்றைய பலாலி. யுத்தம் அதைத் தின்றது. 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். ஐந்து மாதத்தில் கொரோனா. கட்டுநாயக்க 2021 ஜனவரியில் பயணிகளுக்குத் திறந்தது. பலாலியில் சென்னைச் சேவை திரும்பியது 2022 டிசம்பர் 12இல். அந்த இரண்டு வருட வித்தியாசத்துக்கு நோயைக் காரணம் சொல்ல முடியுமா?

சேவை நின்றால், பயணியைக் கட்டுநாயக்க வரை கொண்டுபோய் அதே நாளில் சென்னைக்கு ஏற்றிவிடும் பொறுப்பு விமானக் கம்பனிக்கு உண்டென்று அதிகாரிகள் விதி போடட்டும். காசு திரும்பி வந்தால் போதும் என்பது கொழும்பில் இருப்பவர்களுக்குச் சரி. அங்கே அடுத்த பிளேன் இருக்கிறது. எங்களுக்கு அடுத்தது இரவு பஸ்தான்.

ஓடுபாதையை நீட்டினால் ஜெட் வரும் என்கிறார்கள். கேட்க ஆசைதான். ஆனால் 1990இல் யுத்தத்தால் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய சனத்தில் எத்தனையோ பேர் இன்னும் தங்கள் காணிக்குள் கால் வைக்கவில்லை. ஆகவே விமான நிலைய வேலிக்கு வெளியே ஒரு பரப்புக்கூடத் தொடாமல், உள்ளே கிடக்கும் நிலத்தில் எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதை வரைபடத்தோடு பத்திரிகையில் போடட்டும். அம்மாவின் அடுத்த திகதி தை மாதம்.

வாசகர் ஒருவர்,
உரும்பிராய்