மலையின் ஐந்தொகை

மேற்குத் தொடர்ச்சி மலையில் பறவைகளும் தும்பிகளும் கணக்கெடுக்கப்படும் செய்திகள் அண்மைக்காலமாக அடிக்கடி வெளியாகின்றன. எத்தனை இனங்கள் காணப்பட்டன என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த எண்ணிக்கை எந்த முடிவுக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி எழுவதில்லை.

தும்பியைக் கணக்கெடுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. அதன் இளம்பருவம் நீருக்குள்ளேயே கழிகிறது. ஓடை மாசுபட்டாலோ, கரையோர மரநிழல் அகன்று நீர் வெப்பமடைந்தாலோ, காட்டோடையை மட்டுமே நம்பி வாழும் இனங்கள் முதலில் மறைகின்றன. எங்கும் பிழைக்கும் இனங்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. பறவைகள் காட்டின் நலத்தைக் காட்டுகின்றன என்றால், தும்பிகள் நீரின் நலத்தைக் காட்டுகின்றன. தாமிரவருணியும் வைகையும் இந்த ஓடைகளிலிருந்தே உருவாகின்றன என்பதால், இது சமவெளி உழவரின் கணக்கும்கூட.

ஓராண்டின் விலைவாசியை மட்டும் வைத்துப் பணவீக்கத்தைக் கூற இயலாது. அதுபோலவே, ஒருமுறை எடுத்த கணக்கால் சரிவையோ மீட்சியையோ அறிய இயலாது. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் சாலிம் அலி மேற்கொண்ட பறவை ஆய்வு இன்றும் மதிப்புடையதாக இருப்பதற்கு, அது பிற்கால ஒப்பீட்டுக்கு அடித்தளமாக அமைந்ததே காரணம்.

இயற்கையும் ஒரு மூலதனமே என்றும், அதன் தேய்மானத்தைக் கணக்கில் கொள்ளாத வளர்ச்சி மதிப்பீடு பிழையானது என்றும் பொருளியல் அறிஞர் பார்த்தா தாஸ்குப்தா 2021-இல் பிரிட்டன் அரசுக்கு அளித்த அறிக்கையில் வலியுறுத்தினார். நம் நடைமுறையோ வேறு. சுரங்கம் போன்ற பல திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு, மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் தரவே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. தும்பிகள் மிகுதியாகப் பறப்பதோ மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும்தான். இருப்பைப் பார்க்காமலேயே இழப்பு இல்லை என்று எழுதும் கணக்கு இது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஆண்டுதோறும் அதே வழித்தடங்களில், அதே பருவங்களில், அதே முறையில் கணக்கெடுக்க வேண்டும். அத்தரவைப் பொதுவெளியில் வைத்து, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிகள் பேணவேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் சேர்க்க வேண்டும். காட்டை நன்கறிந்த பழங்குடியினரை வெறும் வழிகாட்டிகளாக அன்றி, ஊதியம் பெறும் கணக்கெடுப்பாளர்களாக அமர்த்த வேண்டும். திட்ட அனுமதி வழங்குவோர் இத்தரவைப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

ஐந்தொகை எழுதாத நிறுவனத்துக்கு எந்த வங்கியும் கடன் தருவதில்லை. மலையை அடகு வைக்கும் முன்பும் அந்த ஐந்தொகையைக் கேட்பதே முறை.