எங்களை யார் கேட்பது?

ஒஸ்லோவுக்குச் சென்னை வித்துவான் வந்தால், சங்கீத ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒரு 'மாஸ்ரர் கிளாஸ்' வைப்பார்கள். அவர் இரண்டு மணிநேரம் தோடி பாடுவார். நாங்கள் கைபேசியில் பதிவு செய்வோம். இது கச்சேரி, பயிற்சியல்ல. 1869 முதல் வைமார் நகரில் பியானோக் கலைஞர் லிஸ்ற் நடத்திய வகுப்புகளில் மாணவர்கள் வாசித்தார்கள், அவர் கேட்டுத் திருத்தினார். இங்கே எங்களை ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் சிக்கல் தோடியல்ல, சரளிவரிசை. நோர்வேப் பாடசாலையில் பிள்ளை பழகும் மேஜர் ஸ்கேல் கிட்டத்தட்ட நமது சங்கராபரணந்தான். மாயாமாளவகௌளை தொடங்கினால் குரல் சதுஸ்ருதி ரிஷபத்துக்கே ஓடுகிறது. வாரத்தில் ஒரு மணிநேரத்துக்குள் அதை எப்படி இறக்குவது?

அடுத்தமுறை வருகிறவர் மேடையேற வேண்டாம். என் வகுப்பின் பின்வரிசையில் இருந்து பார்க்கட்டும். பிழையென்றால் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லட்டும். ரிக்கற் விற்காதாம். விற்காமலே போகட்டும்.